ஒரு கையெழுத்தின் வரலாறு

வாணிகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கப்பல்களையும் துறைமுகங்களையும் பெருவணிகர் குழுக்களையும் பற்றியே எழுதினர். கூடையிலே மரக்கறி சுமந்து விற்றுப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிய பெண்ணுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைக்கவில்லை. புலவர்களோ அவளைக் கண்டனர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே ஆயர்குலப் பெண்ணொருத்தி வருகிறாள். வைகறையில் எழுந்து தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் ஏற்றிச் சென்று விற்கிறாள். நெய்யை விற்கும்போது அதற்கு விலையாகப் பொன் தந்தால் அவள் கொள்வதில்லை. எருமையையும் நல்ல பசுவையும் கன்றையுமே பெற்றுக்கொள்கிறாள். பொன் பேழையிற் கிடக்கும். எருமையோ பால் தரும், கன்றும் ஈனும். முதலைப் பெருக்கும் இவ்வழியை அவள் எந்தக் கல்லூரியிலும் கற்றவளல்லள். இதனைத் துணிவதற்குத் தான் தகுதியுடையவள்தானோ என்ற ஐயமும் அவளிடம் காணப்படவில்லை.

அப்பெண்ணின் வழித்தோன்றல்கள் இன்றும் ஒவ்வொரு சந்தையிலும் இருக்கின்றனர். வாழைக்குலையைக் கண்ணால் அளந்து விலை மதிப்பதிலும், கடன் சொல்பவரின் முகம் பார்த்து நம்பலாமா என முடிவு செய்வதிலும், இருபதுபேர் சேர்ந்த சீட்டை ஏடும் எழுத்தும் இன்றி நடத்துவதிலும் அவர்களுக்கு நிகர் அவர்களே. ஆயின், அதே பெண் ஒரு வங்கியின் வாயிலை மிதித்ததும் நாவடங்கி நிற்கிறாள். படிவத்தை நீட்டினால் கை நடுங்குகிறது. "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லி மகனையோ கணவனையோ முன்னே விடுகிறாள். சந்தையில் இருந்த துணிவு அங்கே எங்கே போயிற்று? இந்த ஐயம் பெண்ணின் இயல்பிலே பிறந்ததா, அன்றி அவளுக்குப் புறத்தேயிருந்து புகட்டப்பட்டதா? இவ்வினாவுக்கு விடை தரும் வரலாறு ஒன்று இந்தியாவின் குசராத்து மாநிலத்தில், அகமதாபாத் நகரிலே நிகழ்ந்தது.

சபர்மதி ஆற்றங்கரையில் அமைந்த அகமதாபாத், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி நெசவாலைகளால் புகழ்பெற்ற நகர். அங்கே 1918ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். காந்தியடிகள் அவர்களுக்கு வழிகாட்டினார். அவருக்குத் துணைநின்றவர் அனசூயா சாராபாய் என்னும் பெண்மணி. ஆலை முதலாளிகளின் தலைவராக எதிர்ப்பக்கத்தில் நின்றவரோ அவருடைய உடன்பிறந்த அம்பாலால் சாராபாய். அப்போராட்டத்தின் பயனாக 1920ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. அந்தச் சங்கம் 1954ஆம் ஆண்டில் மகளிர் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. தொழிலாளரின் மனைவியருக்கும் மகள்மாருக்கும் தையல் முதலியவற்றைக் கற்பிப்பது அதன் நோக்கமாயிருந்தது. ஆண் உழைப்பவன், பெண் அவனுடைய மனைவி என்னும் எண்ணமே அதற்கு அடிப்படை.

சட்டம் பயின்ற இலா பட் என்னும் இளம்பெண் 1955ஆம் ஆண்டில் இச்சங்கத்தின் சட்டப் பிரிவிலே சேர்ந்தார். 1968ஆம் ஆண்டில் மகளிர் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்தில் சில ஆலைகள் மூடப்பட்டன, ஆண்கள் வேலையிழந்தனர். ஆயினும் அவர்தம் வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அஃது எங்ஙனம் என்று நோக்கிய இலா பட்டின் கண்ணுக்கு வேறொரு நகரம் புலப்பட்டது. துணிச்சந்தையில் பொதி சுமக்கும் பெண்கள், தள்ளுவண்டி இழுப்போர், மரக்கறி விற்போர், பழந்துணி வாங்கிச் செப்பனிட்டு விற்போர், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோர், கடதாசி பொறுக்குவோர் எனப் பல்லாயிரவர் அந்நகரை நடத்திக்கொண்டிருந்தனர். எந்தச் சங்கத்தின் ஏட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. குடிசன மதிப்பிலும் அவர்களுட் பெரும்பாலோர் உழைப்போராகக் கணிக்கப்படவில்லை.

முதலில் வந்தோர் துணிப்பொதி சுமக்கும் பெண்கள். எத்தனை நடை நடந்தனர், எவ்வளவு தூரம் சுமந்தனர் என்பதற்கு ஒழுங்கான கணக்கின்றி வணிகர் கொடுத்ததே கூலியாக இருந்தது. இலா பட் இதனை ஒரு பத்திரிகையில் எழுதினார். வணிகர்கள் சினந்து, தாம் நியாயமான கூலியே தருவதாக அதே வகையில் மறுப்பு எழுதினர். அந்த மறுப்பை அப்பெண்கள் எதிர்த்துக் கூச்சலிடவில்லை. வணிகர் தருவதாகச் சொன்ன கூலியைச் சிறு அட்டைகளில் அச்சிட்டுச் சுமைப் பெண்களிடமே பரப்பினர். வணிகர் தம் வாக்காலேயே கட்டுப்பட்டனர். எழுத்து என்பது தம்மை அச்சுறுத்தும் பொருள் மாத்திரமன்று, தமக்குப் பயன்படும் கருவியும் ஆகும் என்பதை அப்பெண்கள் அன்றே கண்டுகொண்டனர்.

இச்செய்தி பரவியதும் பழந்துணி விற்கும் பெண்களும் தம் குறைகளுடன் வந்தனர். 1971ஆம் ஆண்டு டிசம்பரில் பூங்கா ஒன்றிலே பொதுக்கூட்டம் கூடியது. தமக்கெனத் தனிச்சங்கம் வேண்டும் என்னும் யோசனையைச் சொன்னவர் படித்த தலைவர் எவருமல்லர். கூட்டத்திலிருந்த பழந்துணி வியாபாரப் பெண்ணொருவரே. அவ்வாறு தோன்றியதே சுயதொழில் புரியும் மகளிர் சங்கம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து "சேவா" என்று அமைந்தன. சேவா என்றால் குசராத்தி மொழியில் தொண்டு என்று பொருள்.

சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது அரசின் தொழிற் பகுதியினர் மறுத்தனர். இப்பெண்களுக்கு முதலாளி என ஒருவர் இல்லை. முதலாளி இல்லாதபோது யாரை எதிர்த்துத் தொழிற்சங்கம் என்பது அவர்களது வாதம். உழைப்போர் ஒன்றுசேர்வது ஒருவரை எதிர்ப்பதற்காக மாத்திரமன்று, தம் நலத்துக்காகவும் ஆகும் என்று பெண்கள் தரப்பில் விடை கூறப்பட்டது. வாதங்களின் பின் 1972ஆம் ஆண்டு ஏப்பிரலில் சங்கம் பதிவாயிற்று. சங்கத்தின் பெயரிலே ஒரு நுட்பம் உண்டு. அரசாங்க அறிக்கைகள் இத்தகையோரை "அமைப்புசாராதோர்" என்றும் "முறைசாராதோர்" என்றும் எழுதிவந்தன. ஒருவரை அவரிடம் இல்லாத ஒன்றைக்கொண்டு நாள்தோறும் அழைத்துவந்தால், நாளடைவில் அவரும் தம்மை அப்படியே எண்ணத் தொடங்குவர். "சுயதொழில் புரிவோர்" என்ற பெயர் அவர்களிடம் உள்ளதைச் சொல்லிற்று.

பெயர் கிடைத்தது, முதல் கிடைக்கவில்லை. மரக்கறி விற்கும் பெண் காலையிலே வட்டிக்காரரிடம் 50 ரூபா கடன் பெற்றால் மாலையிலே 55 ரூபா திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஒரு பகற்பொழுதுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி. தள்ளுவண்டி இழுப்பவளுக்கு வண்டி சொந்தமன்று, நாள்வாடகை. வெயிலில் உழைத்துப் பெற்ற இலாபத்தின் பெரும்பகுதி நிழலில் இருந்தவர் கைக்குச் சென்றது. தாம் திறமையற்றவர்கள், அதனாலேயே எவ்வளவு உழைத்தும் மிஞ்சவில்லை என்று அப்பெண்கள் நம்பினர். உண்மையில் அவர்களுடைய வியாபாரத்தில் இலாபம் இருந்தது. அன்றேல் அத்தகைய வட்டியைக் கட்டி ஒருநாள்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. இந்த எளிய கணக்கை அவர்களுக்கு எடுத்துச் சொல்வாரில்லை.

1969ஆம் ஆண்டில் இந்திய அரசு 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. எளியோருக்கும் கடன் வழங்குதல் வேண்டும் என்பது அவ்வங்கிகளுக்கு இடப்பட்ட பணி. சேவா சங்கம் தன் உறுப்பினரை அவ்வங்கிகளுக்கு அனுப்பிக் கடன்பெற உதவிற்று. கடன் வந்தது, மதிப்பு வரவில்லை. அழுக்குச் சேலையும் இடுப்பிற் குழந்தையுமாக வந்த பெண்களை வங்கி ஊழியர் விரும்பவில்லை. வங்கி திறந்திருக்கும் நேரமோ அவர்களுடைய வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரம். தவணைப் பணத்தைச் சில்லறையாகக் கொண்டுவந்தால் எண்ணுவதற்குச் சலிப்பு. கணக்கைக் கணவர் பெயரில் எழுதிக்கொண்டு போகலாமே என்ற அறிவுரையும் கிடைத்தது. இவ்வாறு பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி, இந்த இடம் தனக்கு உரியதன்று என்று முடிவு செய்தால் அதில் வியப்பென்ன? வெளியிலிருந்து பார்ப்போர் அம்முடிவையே பெண்ணின் இயற்கை என்று பெயரிட்டு அழைத்தனர்.

1973ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த கூட்டத்தில் பெண்கள் தமக்கெனச் சொந்த வங்கி வேண்டும் என்று கேட்டனர். இலா பட் தயங்கினார். வங்கி தொடங்கப் பெரும் பணம் வேண்டும், தாங்களோ ஏழைகள் என்று அவர் எடுத்துக் கூறினார். ஏழைகள் என்பது மெய்தான், ஆயின் தாங்கள் எண்ணிக்கையில் மிகப் பலர் என்பதே அவர்கள் தந்த விடை. இவ்விடத்தில் சற்று நின்று நோக்கத் தகும். படித்தவருக்கே ஐயம் உண்டாயிற்று. படியாதவர்கள் ஐயம் கொள்ளவில்லை. தனித்தனியே கேட்டிருந்தால் அவர்களுள் ஒருவரேனும் இத்துணிவைக் காட்டியிருப்பாரோ என்பது சந்தேகமே. ஆயிரவர் நடுவே அமர்ந்திருந்தபோது அந்தத் துணிவு தோன்றிற்று. ஆளுக்குப் 10 ரூபா வீதம் சுமார் 4,000 பெண்கள் பங்குப் பணம் செலுத்தினர்.

அடுத்த தடை கூட்டுறவுப் பதிவாளரின் அலுவலகத்தில் எழுந்தது. எழுத்தறிவில்லாத பெண்கள் வங்கி நடத்துவது எங்ஙனம்? விண்ணப்பத்திலே கையொப்பம் இட வேண்டியவர்களுக்குத் தம் பெயரையே எழுதத் தெரியாதே? கேள்வி நியாயமற்றதன்று, வங்கிக்குக் கையொப்பம் அடிப்படை. இலா பட்டும் துணைவரும் அப்பெண்களுடன் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தனர். கூடை சுமந்து காய்த்த விரல்கள் எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகின. மறுநாள் அதிகாரியின் முன்னிலையில் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே எழுதினர். 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் மகளிர் சேவா கூட்டுறவு வங்கி பதிவு பெற்றது. அவ்வாண்டு யூலையில் அது பணி தொடங்கியது.

ஓரிரவிற் கற்ற கையொப்பம் எழுத்தறிவாகாது என்று கூறுவோர் உளர். அது மெய்யே. அப்பெண்கள் மறுநாளும் ஒரு கடிதத்தை வாசிக்க வல்லவராய் இருக்கவில்லை. ஆனால் தன்னம்பிக்கை என்பது எல்லாம் கற்று முடித்தபின் வரும் பட்டமன்று. தன்னால் இயலாது என்று பிறர் சொன்ன ஒன்றைத் தன் கையே செய்துமுடித்ததைக் கண்ணாற் காணும்பொழுது அது பிறக்கிறது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் அனைவரும் இவ்வுண்மையை அறிவர். முதல் எழுத்தை எழுதிய குழந்தையின் முகத்தில் காணும் ஒளிக்கு அந்த எழுத்தின் அழகு காரணமன்று.

எழுதவும் வாசிக்கவும் அறியாதோருக்கு ஏற்றபடியே வங்கியின் நடைமுறையும் வகுக்கப்பட்டது. கணக்குடைய பெண், தன் பெயரும் கணக்கு எண்ணும் எழுதிய கற்பலகையைக் கையில் ஏந்தியபடி படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படமே அவளுக்குரிய அடையாளம். வாழ்நாளில் படம் எடுத்திராத பெண்கள் பலருக்கு அதுவே தம் முகத்தைத் தாம் கண்ட முதற் படம். வங்கிப் புத்தகம் அவள் பெயரிலேயே இருந்தது. கணவரோ மகனோ பணம் எடுத்தல் இயலாது. சேமிப்பைப் பெற ஊழியர் சந்தைக்கும் சேரிக்கும் சென்றனர். சேமித்தோரே கடன்பெறத் தகுதியுடையோர் ஆயினர். ஈட்டில் இருந்த நகையையும் காணியையும் மீட்கவும் கடன் கொடுக்கப்பட்டது. மீட்ட காணி பெண்ணின் பெயரிலே எழுதப்படுதல் வேண்டும் என்பதில் வங்கி கருத்தாயிருந்தது. சேலைத் தலைப்பில் முடிந்த காசு வேறு, புத்தகத்தில் பெயருடன் பதிந்த காசு வேறு. முன்னதைக் கேட்பவருக்குக் கொடாமல் மறைக்க வேண்டும். பின்னதைத் தன்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லலாம்.

இவ்வரலாற்றில் துயரமும் உண்டு. கடன் பெற்ற பெண்களுள் சிலர் மறைந்தனர். அவர்களுட் பலர் மகப்பேற்றின்போது உயிர்நீத்தவர். நோயும் பேறும் ஒரு வியாபாரத்தை ஒரே நாளில் அழிக்கும் என்பதை வங்கி கண்டது. அதனாலேயே பேறுகால உதவியும் பின்னர் காப்புறுதியும் ஏற்பட்டன. 1981ஆம் ஆண்டில் அதனினும் பெரிய சோதனை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு மருத்துவக் கல்வியில் இடம் ஒதுக்குவது குறித்து அகமதாபாத்தில் கலவரம் மூண்டபோது, சேவா ஒதுக்கப்பட்டோரின் பக்கம் நின்றது. தாய்ச்சங்கமாகிய ஆலைத் தொழிலாளர் சங்கம் அதனைத் தன்னிடமிருந்து விலக்கியது. பெரியவர்களின் நிழலின்றி இப்பெண்கள் நிலைபெறார் என்று பலர் எண்ணினர். அவர்கள் நிலைபெற்றனர், சங்கம் முன்னினும் பெருகியது.

நகரின் நடுவே உள்ள மாணிக்கச் சவுக்கச் சந்தையில் மரக்கறி விற்ற பெண்களின் வழக்கும் அத்தகையதே. தாயும் பாட்டியும் இருந்து விற்ற இடத்திலிருந்து அவர்களை நகராட்சியும் காவலரும் துரத்தினர். அவர்கள் அடங்கிப் போகவில்லை. சத்தியாக்கிரகம் செய்து தம் இடத்தில் அமர்ந்தனர். 1980களின் முற்பகுதியில் இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடினர். வங்கி வாயிலில் நாவடங்கி நின்ற அதே வகுப்புப் பெண்கள் நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் வழக்காளிகள் ஆயினர். நடைபாதை வணிகரைக் காக்கும் சட்டம் ஒன்றை 2014ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றியதன் பின்னே இத்தகைய நீண்ட போராட்டங்கள் இருந்தன.

1977ஆம் ஆண்டில் இலா பட்டுக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது. சுயதொழில் மகளிரின் நிலையை ஆராய அமைந்த தேசிய ஆணைக்குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். அதன் அறிக்கை 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீட்டிலிருந்து தொழில் செய்வோரின் உரிமையைச் சருவதேசத் தொழில் தாபனம் 1996ஆம் ஆண்டில் உடன்படிக்கையாக ஏற்றது. சென்னையிலே 1978ஆம் ஆண்டில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் பெண்கள் மன்றமும் நடைபாதை வணிகப் பெண்களிடமிருந்தே எழுந்தது. இலா பட் 2022ஆம் ஆண்டு நவம்பரில் காலமானார்.

இவ்வரலாறு இலங்கைத் தமிழருக்கு அயலாருடைய கதையன்று. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், கணவரை இழந்த பெண்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்று இந்திய அரசின் உதவியுடன் மட்டக்களப்பில் நடந்தது. அதனை நடத்திய அமைப்பு சேவாவே. அகமதாபாத் பெண்களின் அனுபவம் கிழக்கிலங்கைப் பெண்களின் கைக்கு வந்தது.

ஆயின் அதே காலத்தில் வேறொன்றும் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாயில்வரை வந்து பெண்களுக்குக் கடன் கொடுத்தன. கையொப்பம் பெறுவது அங்கே எளிதாயிருந்தது, வட்டியோ கொடிதாயிருந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று பல பெண்கள் சிக்குண்டனர். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். 2018ஆம் ஆண்டில் வறட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பட்ட 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. இரண்டும் பெண்களுக்குக் கடன் என்றே பேசப்பட்டன. ஒன்றில் பெண் முதலிற் சேமித்தாள், பின்னரே கடன் பெற்றாள், வங்கியும் அவளுடையது. மற்றதில் கடன் முதலில் வந்தது, சேமிப்பு வரவேயில்லை. கடன் கேட்கத் துணிவது மாத்திரம் தன்னம்பிக்கையாகாது. எது வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் அதன் பகுதியே. பொன்னை வேண்டாமென்ற ஆயர்மகளிடம் இருந்தது அந்தத் தெளிவு.

சட்டமும் தன் பங்கைச் செய்கிறது. யாழ்ப்பாணத் தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண், தன் சொந்தக் காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது என 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விதித்தது. நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறும் வழி உண்டாயினும், பொதுவிதி அதுவே. காணி அவளுடையது, கையொப்பம் இன்னொருவருடையது. இவ்விதியின் கீழ் வளர்ந்த பெண் வியாபாரம் பேச வேண்டிய இடத்தில் கணவனின் முகத்தைப் பார்த்தால், அதனைக் கோழைத்தனம் என்பது தகாது.

வியாபாரத்தில் இறங்கும் பெண்ணைப் பார்த்து, "துணிந்து செய்" என்று சொல்வோர் இன்று பலர். நல்லெண்ணத்துடன்தான் சொல்கின்றனர். ஆயின், அகமதாபாத்தின் வரலாறு காட்டுவது வேறு. அங்கே எவரும் பெண்களுக்குத் துணிவைப் போதிக்கவில்லை. அவர்கள் பெயரில் ஒரு புத்தகம் திறந்தனர்; அவர்களுடன் இருந்து எழுத்தைப் பழக்கினர்; அவர்களை ஆயிரவராக ஒன்றுகூட்டினர். துணிவு தானாக வந்தது. பெண்ணிடம் ஐயத்தைக் காணும் பெற்றோரும் கணவரும் ஆசிரியரும் வங்கியாளரும் அவளைத் தேற்றுவதற்குமுன், தங்கள் ஏட்டில் அவளுடைய பெயர் எந்த வரியில் எழுதப்பட்டுள்ளது என்று ஒருமுறை பார்த்தல் நன்று.